ரேம் கூட்டினால் வேகம் கூடுமா?

கணினி மெதுவாகிவிட்டது என்றதும் பலரும் சொல்லும் வைத்தியம், "இன்னொரு ரேம் போட்டுடுங்க". சில கணினிகளுக்கு அதுவே சரியான மருந்து. மற்றவற்றில் பணம் போகும், வேகம் வராது. எந்த வகை என்று வாங்கும் முன்பே பார்த்துவிடலாம்.

நாம் திறந்து வைத்திருப்பவை எல்லாம் ரேமில் இருக்கின்றன. இடம் போதாவிட்டால், உடனே தேவைப்படாதவற்றை விண்டோஸ் வட்டுக்கு அனுப்பிவிடும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினி 1962-லேயே செய்த வேலை இது. அனுப்பியதைத் திரும்ப எடுக்கும்போதுதான் கணினி திணறுகிறது. ரேமிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி. எஸ்எஸ்டியில் 100 மைக்ரோ நொடி அளவு. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் 10 மில்லி நொடி அளவு. ரேமுக்கு ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டிக்குக் கால் மணி நேரத்துக்கும் மேல், ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு நாளுக்கும் மேல்! இடம் மிகவும் குறைந்தால் அனுப்புவதும் எடுப்பதுமாகவே கணினியின் பொழுது போய்விடும். 'த்ராஷிங்' எனப்படும் இந்த நிலையைப் பீட்டர் டென்னிங் 1968-இல் ஆராய்ந்து எழுதினார்.

உங்கள் கணினி அந்த நிலையில் இருக்கிறதா? நீங்கள் வழக்கமாகச் செய்வதிலேயே கனமான வேலையைத் திறந்து வையுங்கள். வெறுமனே இருக்கும் கணினியைச் சோதித்துப் பயனில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. 'கேஷ்டு' பெரிய எண்ணாக இருந்தால் கவலை வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமை விண்டோஸ் பயன்படுத்திக்கொள்கிறது, கேட்டால் விட்டுவிடும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்'. அது சில நூறு எம்பிக்கு இறங்கி, 'கமிட்டெட்' எண் உங்கள் ரேமின் அளவைத் தாண்டி, ஜன்னல் மாற்றும்போதெல்லாம் வட்டின் பயன்பாடு எகிறினால், தயங்காமல் ரேம் வாங்கலாம்.

சில ஜிபி காலியாக இருந்தும் மெதுவென்றால் காரணம் வேறு. சிபியு 100% காட்டினால் ரேம் எதுவும் செய்யாது. பழைய கணினியில் ஹார்டு டிஸ்க் 100% காட்டினால் முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

இடம் போதுமான அளவு இருந்தும் ரேம் கூட்டினால் பயன் தரும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரே ரேம் மட்டும் இருக்கும் கணினியில் ஜோடியாக இன்னொன்றைச் சேர்த்தால் தரவு இரு தடங்களில் பாயும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு விளையாட்டுகளில் அது நன்றாகவே தெரியும்.

ரேம் வாங்கும் முன் அதன் வகையையும் பாருங்கள்: டிடிஆர்4 பொருந்தும் இடத்தில் டிடிஆர்5 பொருந்தாது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது, பிறகு கூட்ட வழியில்லை. அவற்றை வாங்குவோர் நாளைய தேவையையும் சேர்த்து இன்றே கணக்கிட்டு வாங்குங்கள்.