மன்னரும் வெண்திரையும்

அரசர் முன்னிலையில் ஆடிப் பாடிப் பரிசில் பெறுவது கலைஞர்களின் பழைய வழக்கம். எந்த நாட்டு வரலாற்றிலும் இதனைக் காணலாம். அவ்வாறு நடக்கும் ஆட்டத்தில் அரசருக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் முகம் சுளித்தால் நடிகன் வசனத்தை மாற்றிக்கொள்வான். அவர் கையை அசைத்தால் ஆட்டமே நின்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த சலனப் படத்திற்கோ இந்த நெகிழ்ச்சி கிடையாது. சுருள் அரண்மனை வாயிலைக் கடக்கும்போதே அதிலுள்ள கதை முடிந்துவிட்ட கதை. பார்ப்பவர் சக்கரவர்த்தியாயினும் கூலியாளாயினும் காட்சி ஒன்றே, வரிசையும் ஒன்றே. பிரிட்டிஷ் அரச குடும்பத்தினர் திரைப்படம் பார்த்த வரலாற்றைச் சற்று நின்று நோக்கினால் இந்த உண்மையின் ஆழம் விளங்கும்.

1895 டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் தம் படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். 1896 பிப்ரவரியில் அப்படங்கள் லண்டனுக்கு வந்தன. அதே ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் பம்பாய் வாட்சன் ஹோட்டலில் ஒரு ரூபாய் கட்டணத்தில் அவை காட்டப்பெற்றன. இதற்குச் சரியாக இரண்டு வாரங்கள் கழித்து, ஜூலை 21-ஆம் நாள், லண்டனில் வேல்ஸ் இளவரசரின் மாளிகையான மார்ல்பரோ ஹவுஸில் அரச குடும்பத்தினருக்கென்று ஒரு காட்சி நடைபெற்றது. அரச மாளிகையில் வெள்ளைத் துணி கட்டப்படுவதற்கு முன்பே, பம்பாயில் ஒரு ரூபாய் கொடுக்க இயன்றவர்கள் அந்த அதிசயத்தைக் கண்டுவிட்டார்கள் என்பது நினைக்கத்தக்கது.

மார்ல்பரோ ஹவுஸில் படம் காட்டியவர் பர்ட் ஏக்கர்ஸ் என்னும் புகைப்பட வல்லுநர். அதற்கு முந்திய மாதம் கார்டிப் நகரில் நடந்த பொருட்காட்சிக்கு இளவரசரும் அவர் துணைவியாரும் வருகை தந்தனர். அதனை ஏக்கர்ஸ் படம் பிடித்திருந்தார். அப்படத்தைப் பொதுமக்களுக்குக் காட்ட அனுமதி வேண்டியபோது, முதலில் தாமே பார்க்க வேண்டுமென்று இளவரசர் விரும்பினார். மறுநாள் இளவரசி மாட் அவர்களின் திருமணம். ஆகவே மாளிகை நிறைய விருந்தினர். பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னராகிய அந்த இளவரசர், தாம் நடப்பதையும் திரும்புவதையும் பிறரைப் பார்ப்பதுபோல் அன்று பார்த்தார். ஓவியர் வரைந்தால் அரசர் நிற்கும் நிலையை அரசரே தேர்ந்தெடுக்கலாம். இங்கே தேர்ந்தெடுத்தது ஒரு கைப்பிடியைச் சுழற்றிய இயந்திரம்.

அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பால்மோரல் மாளிகையில் விக்டோரியா மகாராணியாரைப் படம் எடுத்தார்கள். ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலஸ் அப்போது அங்கே விருந்தினராக இருந்தார். நவம்பர் 23-ஆம் நாள் வின்ட்சர் கோட்டையில் அப்படம் காட்டப்பட்டது. மகாராணியாருக்கு வயது 77. அரியணை ஏறி 59 ஆண்டுகள் கடந்துவிட்டன. மாந்தர் உயிருடன் இயங்குவதுபோலவே தோன்றும் இம்முறை மிகவும் வியப்பானது என்ற கருத்தைத் தம் நாட்குறிப்பில் அவர் பதிந்து வைத்தார். இந்தத் தொடக்க காலத்தை, மன்னர் குலம் தன்னையே கண்டு களித்த காலம் என்று சொல்லலாம்.

அந்தக் களிப்பின் உச்சம் 1911 டிசம்பர் 12-ஆம் நாள் நிகழ்ந்த டில்லி தர்பார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியாரும் நேரில் வந்து கலந்துகொண்ட அந்த விழாவைச் சார்ல்ஸ் அர்பன் என்பவரின் குழுவினர் கினிமாகலர் என்னும் வண்ண முறையில் படமாக்கினர். படச்சுருள் கறுப்பு வெள்ளைதான். ஆனால் படம் எடுக்கும் கருவியிலும் காட்டும் கருவியிலும் செந்நிறக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் பொருந்திய சக்கரம் ஒன்று சுழலும். ஒரு படம் செந்நிறத்தின் வழியாகவும் அடுத்தது பச்சையின் வழியாகவும் பதிவாகும். வழக்கத்தைப் போல் இருமடங்கு விரைவில் அவை திரையில் விழும்போது இரண்டு நிறங்களையும் கண் கலந்துகொள்ளும். யானைகளின் அம்பாரியும் அரசர்களின் பட்டாடையும் நிறத்தோடு தோன்றிய இப்படம் 1912 பிப்ரவரியில் லண்டன் ஸ்காலா அரங்கில் வெளியாயிற்று. மே மாதத்தில் மன்னரும் அரசியாரும் அதே அரங்கிற்குச் சென்று தம் முடிசூட்டு தர்பாரைத் தாமே பார்த்தனர்.

ஆயின் அதே தர்பாரில் படக்கருவி வேறொன்றையும் பார்த்துவிட்டது. மன்னரை வணங்கிய சுதேச அரசர்கள் புறங்காட்டாமல் பின்னோக்கி நடந்து செல்வது முறை. பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெயிக்வார் ஒருமுறை தலை வணங்கி, முதுகு தெரியத் திரும்பிச் சென்றார். அது அவமதிப்பு என்று ஒரு சாராரும், தடுமாற்றம் என்று மறுசாராரும் வாதிட்டனர். கெயிக்வாரே வைஸ்ராய்க்கு விளக்கம் எழுத நேர்ந்தது. அக்காட்சி செய்திப் படத்தில் இடம்பெற்று லண்டன் மக்கள் முன் ஓடியது. மன்னரின் பெருமையைக் காட்டப் போன கருவி, அப்பெருமைக்கு முன் குனியாத ஒரு முதுகையும் காட்டிற்று.

இங்கிலாந்தில் மேடை நாடகங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் லார்டு சேம்பர்லின் என்னும் அரண்மனை அதிகாரியிடம் 1968 வரை இருந்தது. விக்டோரியா மகாராணியாரை மேடையில் ஒரு பாத்திரமாக்கவும் 1937 வரை தடை இருந்தது. திரைப்படத்திற்குத் தணிக்கை உண்டு. ஆனால் அது அரண்மனையின் கையில் இல்லை. இந்த வேற்றுமை பின்னர் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள உதவும்.

திரைப்படத் தொழிலில் உழைத்து முதுமையாலும் நோயாலும் நலிந்தோருக்கு உதவ 1924-ஆம் ஆண்டில் அங்கு ஓர் அறநிதி நிறுவப்பட்டது. அரங்கில் சீட்டுக் கிழிப்பவர், படக்கருவி இயக்குபவர், ஒளி அமைப்பவர் முதலியோர்க்குத் துணைநிற்பது அதன் நோக்கம். திரைப்பட, தொலைக்காட்சி அறநிதி என்ற பெயரில் இன்றும் அது பணியாற்றி வருகிறது. இந்நிதிக்குப் பொருள் திரட்டவே ‘ராயல் பிலிம் பர்பார்மன்ஸ்’ எனப்படும் அரச சிறப்புக் காட்சி ஏற்பட்டது. மன்னர் வருகிறார் என்றால் சீட்டின் விலையை உயர்த்தலாம். அந்த மிகுதி ஏழைத் தொழிலாளிக்குப் போய்ச் சேரும்.

இவ்வரிசையில் முதற் காட்சி 1946 நவம்பர் 1-ஆம் நாள் லண்டன் லெஸ்டர் சதுக்கத்து எம்பயர் அரங்கில் நடந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னரும் அரசியாரும் இளவரசியர் இருவரும் வந்திருந்தனர். போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. உணவுக்கும் உடைக்கும் பங்கீடு நீங்காத அந்நாளில், அரச குடும்பத்தையும் நட்சத்திரங்களையும் காணச் சதுக்கத்தில் மக்கள் வெள்ளம் திரண்டது.

அன்று காட்டிய படம் பவல், பிரஸ்பர்கர் என்னும் இருவர் உருவாக்கிய ‘எ மேட்டர் ஆப் லைப் அண்டு டெத்’. எரியும் விமானத்திலிருந்து குதித்த ஆங்கில விமானி ஒருவன் மூடுபனியின் காரணமாக விதி தவறிப் பிழைத்து, ஓர் அமெரிக்கப் பெண்ணிடம் காதல் கொள்கிறான். அவன் வாழலாமா, கூடாதா என்று மேலுலகில் வழக்கு நடக்கிறது. மண்ணுலகம் வண்ணத்திலும் மேலுலகம் கறுப்பு வெள்ளையிலும் வருவது ஒரு புதுமை. வழக்கில் எதிர்வாதம் செய்பவன் அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயரின் குண்டுக்கு இரையானவன். நடுவர்களாக அமர்ந்த அறுவரைப் பார்ப்போம்: பிரெஞ்சுக்காரர், போயர், ரஷ்யர், சீனர், அயர்லாந்துக்காரர், அவர்களோடு ஓர் இந்தியர். பிரிட்டனோடு பழைய கணக்கு உள்ள இனத்தாரையே தேடி அமர்த்தியிருக்கிறார்கள்! பின்னர் அந்த அறுவருக்கும் பதிலாக அமெரிக்கக் குடிகள் அமர்த்தப்படுவதும், தீர்ப்பு காதலருக்குச் சாதகமாவதும் உண்மையே. எனினும் குற்றச்சாட்டு திரையில் ஒலித்துவிட்டது.

அந்நாளில் ஆறாம் ஜார்ஜுக்கு ‘இந்தியச் சக்கரவர்த்தி’ என்ற பட்டம் இன்னும் இருந்தது. டில்லியிலோ நேரு அவர்களின் தலைமையில் இடைக்கால அரசு அமைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. விடுதலைக்கு இன்னும் ஒன்பதரை மாதமே. அத்தகைய வேளையில் சக்கரவர்த்தி அரங்கத்து இருளில் அமர்ந்து, தம் நாட்டின்மீது தீர்ப்புக் கூற ஓர் இந்தியர் அமர்ந்திருக்கும் காட்சியைப் பார்த்தார். அதனை நிறுத்தச் சொல்ல அவருக்கு முறையில்லை. மறுமொழி கூறவும் வழியில்லை. கவலையற்ற பொழுதுபோக்காகத் தொடங்கிய மாலையில் இப்படியொரு பொருள் மறைந்திருந்தது.

அதன்பின் அரச குடும்பம் தன் முன்னோரையும் பிறர் கண்ணால் காணலாயிற்று. 1950-இல் காட்டிய ‘தி மட்லார்க்’ படத்தில், தேம்ஸ் நதிச் சேற்றில் பொருள் பொறுக்கும் அனாதைச் சிறுவன் ஒருவன் விக்டோரியா மகாராணியாரைக் காண வின்ட்சர் கோட்டைக்குள் புகுந்துவிடுகிறான். மன்னருக்கு அவர் கொள்ளுப்பாட்டியார். 1954-இல் இரண்டாம் எலிசபெத் அரசியார் கண்ட ‘போ பிரமல்’ படத்திலோ, மூதாதையான மூன்றாம் ஜார்ஜின் சித்தப்பிரமை காட்டப்பட்டது. இப்படத்தை அரசியார் முன் காட்டலாமா என்று பெரும் சர்ச்சை எழுந்தது; ஆனால் படம் ஓடி முடிந்தது.

1982 நவம்பர் 30-ஆம் நாள் டில்லியில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘காந்தி’ படம், இரண்டு நாள் கழித்து லண்டனில் இளவரசர் சார்ல்ஸ் முன்னிலையில் காட்டப்பட்டது. ஜாலியன்வாலாபாக் படுகொலையை விரிவாகக் காட்டும் படம் அது. அக்கொடுமை நடந்த 1919-இல் அரியணையில் இருந்தவர் அவருடைய கொள்ளுப்பாட்டனார்.

1946-இல் இருபது வயது இளவரசியாக முதற் காட்சியைக் கண்ட எலிசபெத் அரசியார், 1997 அக்டோபரில் சென்னைக்கு வந்தார். எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் கமல்ஹாசன் அவர்களின் ‘மருதநாயகம்’ படத் தொடக்க விழாவில் அவர் கலந்துகொண்டார். கம்பெனிப் படையில் உயர்ந்து, பின் கம்பெனியையே எதிர்த்து, 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட வீரனின் கதை அது. படம் நிறைவு பெறவில்லை. ஆயினும் அந்த விழா நம் நினைவில் நிற்கிறது.

2013 டிசம்பர் 5-ஆம் நாள் லண்டனில் நடந்த அரச சிறப்புக் காட்சி, இருபத்தேழு ஆண்டு சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் வாழ்க்கைப் படம். இளவரசர் வில்லியமும் அவர் துணைவியாரும் வந்திருந்தனர். திரையில் மண்டேலாவின் வாழ்வு ஓடிக்கொண்டிருக்கையிலேயே அவர் தென்னாப்பிரிக்காவில் உயிர் நீத்த செய்தி வந்தது. அரங்கிற்கு வந்திருந்த அவருடைய புதல்வியர், படம் தொடரட்டும் என்று விரும்பினர். முடிவில் தயாரிப்பாளர் மேடையேறித் துயரச் செய்தியை அறிவித்தார். இளவரசர் உட்பட அவையோர் அனைவரும் மௌனமாக அஞ்சலி செலுத்தினர்.

1896-இல் தம் உருவத்தைக் காண விளக்கணைத்து அமர்ந்த குடும்பம், ஒரு நூற்றாண்டுக்குப்பின் தம் ஆட்சிக்கு உட்பட்டிருந்த மக்களின் கதையைக் காண அமர்ந்தது. அரண்மனையிலிருந்து ஆணை எதுவும் பிறந்து இந்த மாற்றம் வரவில்லை. உலகம் மாறிற்று, கதை சொல்லும் உரிமை பலர் கைக்குச் சென்றது. விளக்கு அணைந்தபின் அரங்கில் மன்னர் என்றும் குடி என்றும் இருவர் இல்லை. பார்ப்பவர் மட்டுமே உண்டு.