பிரேம் நிற்கும், ரப்பர் போகும்

ஐ.டி. வேலைக்குச் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு, மைசூருவின் ஹெப்பாள் என்றால் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம்தான். அதே ஹெப்பாள் தொழிற்பேட்டையில்தான் சிப்பெட்டும் இருக்கிறது. 1968-இல் சென்னை கிண்டியில் தொடங்கிய மத்திய பெட்ரோகெமிக்கல்ஸ் பொறியியல், தொழில்நுட்ப நிறுவனத்தின் மைசூரு வளாகம் அது. பக்கத்து மேட்டகள்ளியில் ஜே.கே. டயரின் விக்ராந்த் ஆலை. இப்படி ரப்பரும் பாலிமரும் புழங்கும் பகுதியில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பைக்கில் போகிறவரின் மூக்கில் உள்ள ரப்பர் ஒரு கிராம்கூட இராது. ஆனால் டயருக்கு உள்ள அறிவியல்தான் அதற்கும். கண்ணாடியில் முதலில் கெடுவதும் அதுதான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டைட்டானியம் பிரேம்கள் பல ஆண்டு தாங்கும். நோஸ் பேடும் காதுமுனை ரப்பரும் அதற்குள் மஞ்சளாகி, உப்பி, பிசுபிசுத்துவிடும். காரணம் ரப்பரின் கட்டமைப்பில் இருக்கிறது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து ரப்பரைச் சூடாக்கியபோது நீண்ட மூலக்கூறு இழைகளுக்கு நடுவே பாலங்கள் விழுந்தன. அந்தப் பாலங்கள்தான் இழுத்த ரப்பரைத் திரும்பவும் பழைய வடிவுக்குக் கொண்டுவருகின்றன. தோலின் எண்ணெயும் தலையில் தடவிய தேங்காயெண்ணெயும் இழைகளுக்கு நடுவே நுழைந்தால் இயற்கை ரப்பர் உப்புகிறது, பிடி தளர்கிறது. நோஸ் பேடுக்கு அடியில் பச்சையாகப் படிவது அழுக்கு மட்டுமல்ல. செம்பு கலந்த பிரேமாக இருந்தால், வியர்வையும் கொழுப்பும் சேர்ந்து ஏற்றிய களிம்பு அது. காதுமுனை ரப்பர் கழன்று வெறும் கம்பி தோலில் உரசினால், அதில் நிக்கல் இருக்கும்பட்சத்தில், ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் காதுக்குப் பின்னால் அரிப்பெடுக்கும்.

இதற்காகப் பிரேமையே தூக்கிப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். மாற்று ரப்பர் கிடைக்கிறது. வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதைவிட, எதனால் ஆனது, எவ்வளவு கடினம் என்று பார்க்க வேண்டும். கடினத்தை ‘ஷோர் ஏ’ என்ற அளவால் சொல்வார்கள். கார் டயரின் ட்ரெட் பொதுவாக 60 முதல் 70 வரை. மூக்கில் உட்காருவது அதைவிட மென்மையாக இருக்க வேண்டும். சிலிகான் என்று சொல்லி விற்றது சிலிகான்தானா என்ற சந்தேகமா? ஓரத்தில் மயிரிழையளவு சீவி, இடுக்கியில் பிடித்துத் திறந்த வெளியில் கொளுத்திப் பாருங்கள். சிலிகான் வெள்ளைச் சாம்பலாகும், அது சிலிக்கா. கரும்புகையும் கரியும் வந்தால் வேறு சரக்கு.

புது ரப்பரைப் பிரேமின் பள்ளத்தில் மாட்டுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ரப்பரை அமுக்கினால் சுருங்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் கன அளவு மாறுவதே இல்லை எனலாம். வடிவத்தை மாற்றுவதோடு ஒப்பிட்டால், கன அளவைக் குறைக்க ஏறக்குறைய ஆயிரம் மடங்கு விசை வேண்டும். பள்ளத்தை முழுக்க அடைக்கும் துண்டை ஒரு பக்கம் அழுத்தினால் அது மறுபக்கம் பிதுங்கும்; வழியில்லாவிட்டால் திரும்ப வெளியே துள்ளும். எந்திரங்களில் ஓ-ரிங் மாட்டும் பள்ளத்தில் 15 முதல் 25 சதவீதம் வரை காலியிடம் விடுவது இதற்காகத்தான். கண்ணாடிக்கும் இதே கணக்கு. துண்டு பள்ளத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கலாம், ஆனால் பிதுங்க இடம் இருக்க வேண்டும். அழுத்தித் திணிக்காமல் நீளவாக்கில் இழுங்கள். நீளும்போது மெலியும், மெலிந்தபடியே பள்ளத்தில் வழுக்கி இறங்கும். கையை விட்டதும் பழைய தடிமனுக்கு வந்து சுவரைக் கவ்விக்கொள்ளும்.

வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீரோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ போதும். ஆல்கஹால் தானே ஆவியாகிவிடும். வாசலினும் எண்ணெயும் உள்ளேயே தங்கி ரப்பரைக் கெடுக்கும். நகப்பூச்சு நீக்கியில் அசிட்டோன் இருந்தால் பாலிகார்பனேட் லென்ஸ் பாழாகிவிடும். ‘சூப்பர் குளூ’ சாதாரணமாகச் சிலிகானில் ஒட்டாது. அதன் ஆவி மட்டும் லென்ஸில் வெள்ளையாகப் படியும்.

ரப்பரை நம்பியே வடிவமைத்த பிரேமும் உண்டு. ஜிம் ஜனார்டு 1975-இல் மோட்டார் சைக்கிள் கைப்பிடி ரப்பரோடுதான் ஓக்லி நிறுவனத்தைத் தொடங்கினார். வியர்வை பட்டால் பிடி கூடும் என்பது அந்த ரப்பரின் பெருமை. அந்நிறுவனத்திடமிருந்து 1997-இல் வந்த ‘ரோமியோ’ கண்ணாடியும் அதன்பின் வந்த ‘ஜூலியட்’டும் உலோகத் துண்டுகளைக் கோத்துச் செய்தவை. மூக்குப் பாலத்தின் மூட்டில் சிறு ரப்பர்கள் இருக்கும். அவை தேய்ந்தால் பிரேம் தொளதொளக்கும், கடகடக்கும். அந்த மாடல்களை இன்னும் போடுகிறவர்கள் வெளிக் கம்பெனி ரப்பரைத்தான் தேடுகிறார்கள். பழைய மாடல் என்பதால் நாலைந்து செட் வாங்கி மேசையில் வைக்கத் தோன்றும். ஆனால் பாலியூரித்தேன் வகைகள் சில, காற்றின் ஈரத்தாலேயே மெல்லச் சிதைந்து, பிரிக்காத பாக்கெட்டுக்குள்ளும் பிசுபிசுத்துப்போகும். இருப்பு வைப்பதானால் சிலிகானாகப் பார்த்து வாங்குங்கள்.