பொற்காலம்: பாலே மேடையில் ஒரு கால்பந்து அணி
லெனின்கிராட், 1930

கால்பந்து ஆட்டக்காரர்களையே நாயகர்களாக்கிய பாலே இது. இசையமைத்த திமித்ரி ஷொஸ்தகோவிச்சுக்கு அப்போது வயது 24. கால்பந்துப் பித்தர்; ஆட்ட முடிவுகளை நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைத்தவர்.

சோவியத் அணி ஒன்று மேற்கத்திய நகரமொன்றுக்குப் போகிறது. அங்கே போலீஸ் ஆட்டக்காரர்களைப் பிடித்துச் சிறையில் தள்ளுகிறது. உள்ளூர்த் தொழிலாளர்கள் மீட்கிறார்கள். பணக்காரர்களுக்கு ஃபாக்ஸ்டிராட், டாங்கோ. உழைப்பவர்களுக்கு விளையாட்டுத் திடல். பிரச்சாரக் கதைதான். ஆனால் இசை அதற்குள் அடங்கவில்லை. மூன்றாம் அங்கத்தின் போல்காவைக் கேளுங்கள்: ஜெனீவாவில் நடந்த ஆயுதக் குறைப்புப் பேச்சுகளைக் கேலி செய்து, சைலஃபோன் வேண்டுமென்றே இடறி இடறி ஓடுகிறது.

நடனம் அமைத்தவர்களில் ஒருவரான லியோனித் யாகப்சன், ஜிம்னாஸ்டிக்ஸ் அசைவுகளைத் துணிந்து பாலேவுக்குள் கொண்டுவந்தார். இளம் கலினா உலனோவா ஆடினார். விமர்சகர்கள் சாடினார்கள், விரைவிலேயே பாலே மேடையிலிருந்து இறக்கப்பட்டது.

1982இல் மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கில் யூரி கிரிகரோவிச் புதுக்கதை எழுதி இதை மீண்டும் மேடையேற்றினார். நாயகன் மீனவனானான், கால்பந்து அணி கதையிலிருந்தே போய்விட்டது.