காய்த்துக் குலுங்கும் கத்தரி: மிஞ்சியதைப் பாதுகாப்பது எப்படி?

கத்தரிச் செடிக்குக் கஞ்சத்தனம் தெரியாது. காய்க்கத் தொடங்கிவிட்டால் வாரந்தோறும் கொடுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் அம்மாவும் நானும் ஐந்து செடிகள் வளர்க்கிறோம். சில வாரங்களில் ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் பறிக்கிறோம். அண்டைவீட்டாருக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதை என்ன செய்வது?

இந்தக் கேள்வி பல வீடுகளில் எழக்கூடியது. தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டில் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. கொவிட்-19 பரவிய 2020ல், வீடுகளுக்கு இலவசமாகக் காய்கறி விதைகளையும் வழங்கியது. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் இது நல்ல முயற்சி. ஆனால், வளர்ப்பதைக் கற்றுக்கொண்ட அளவுக்கு, விளைந்ததைப் பத்திரப்படுத்த நாம் கற்றுக்கொள்ளவில்லை.

குளிர்பதனப் பெட்டி போதாது

கத்தரிக்காய் வெப்பமண்டலக் காய். 10 டிகிரி செல்சியசுக்குக் கீழ் சில நாள் இருந்தாலே தோலில் குழி விழும், விதைகள் பழுப்பாகும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையோ ஏறத்தாழ 4 டிகிரி. அதனால், முழுக் காயை உள்ளே வைத்தால் ஓரிரு நாளில் சமைத்துவிடுவது நல்லது. பாதுகாக்க நினைப்பவர்கள் தோல் பளபளப்பாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். பளபளப்பு மங்கினால் விதை முற்றிக் கசப்பு ஏறியிருக்கும்.

பாட்டியின் வற்றல், நம் ஊர்க் காற்று

லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைகளில் சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர்மிளகாய் என்று வரிசையாகப் பொட்டலங்கள் தொங்கும். கத்தரி வற்றலும் அந்தக் குடும்பம்தான். நறுக்கிய துண்டுகளை உப்பும் மஞ்சளும் சேர்த்த கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, நீரை வடித்து, மொட்டைமாடி வெயிலில் சில நாள் காயவைப்பார்கள்.

தஞ்சாவூரில் இருக்கும் என் பாட்டியிடம் இதைக் கேட்டபோது, “அங்கதான் வெயில் அடிச்சாலும் காத்துல ஈரம் இருக்கே, எப்படிம்மா காயும்?” என்றார். அவர் கேட்டது சரியான அறிவியல் கேள்வி. கத்தரிக்காயில் ஏறத்தாழ 92 விழுக்காடு தண்ணீர். அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் வேண்டும். சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்கூட 60 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். பகலில் காய்ந்தது இரவில் மீண்டும் ஈரத்தை இழுக்கும், பூஞ்சை முந்திக்கொள்ளும். தட்டுகளைத் தாழ்வாரத்தில் பரப்பவும் தயங்க வேண்டும். தீயணைப்புப் பாதுகாப்பு விதிப்படி அங்கு 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும்.

அதனால் வெயிலின் வேலையை அடுப்புக்குக் கொடுக்கலாம். வெந்நீரில் போட்டெடுத்த துண்டுகளை ‘அவன்’ தட்டில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, 60 டிகிரியில், கதவைச் சற்றே திறந்துவைத்துப் பல மணி நேரம் காயவிடலாம். வளைந்தால் போதாது, படக்கென்று ஒடிய வேண்டும். ஒரு கிலோ காயிலிருந்து ஏறத்தாழ 100 கிராம் வற்றல்தான் கிடைக்கும். அதைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். உள்பக்கம் ஈரம் படிந்தால் மறுபடியும் காயவைக்க வேண்டும்.

எளிய வழி: உறையவைப்பது

மின்சாரச் செலவையும் நேரத்தையும் பார்த்தால், அடுக்குமாடி வீட்டுக்கு உறையவைப்பதே எளிது என்பது என் கருத்து. தோல் சீவி, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமனில் நறுக்குங்கள். ஒரு லிட்டர் கொதிநீருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்து, அதில் நான்கு நிமிடம் போட்டு எடுங்கள். உடனே பனிக்கட்டி நீரில் குளிரவைத்து, நன்றாக வடித்து, பைகளில் அடைத்து உறைபெட்டியில் வைக்கலாம். காயைக் கறுக்கவைக்கும் நொதியைக் கொதிநீர் செயலிழக்கச் செய்கிறது. எலுமிச்சைச் சாறு நிறம் மாறாமல் காக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் பல மாதம் இருக்கும். குழம்புக்கும் கூட்டுக்கும் அப்படியே போடலாம். சுட்டு மசித்த கத்தரிக்காயையும் இப்படி உறையவைத்தால் கொத்சு செய்ய வசதி.

எண்ணெய்ப் போத்தல் எச்சரிக்கை

வறுத்த கத்தரிக்காயைப் போத்தலில் போட்டு எண்ணெய் ஊற்றி, அலமாரியில் வைப்பது பார்க்க அழகாக இருக்கும். அதைச் செய்யாதீர்கள். மண்ணில் வாழும் ‘கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம்’ என்ற கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநிலையிலும் சாகாது. காற்றில்லாத இடம், புளிப்புக் குறைந்த உணவு, அறை வெப்பநிலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது பெருகி நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கும். எண்ணெயில் மூழ்கிய கத்தரிக்காயில் மூன்றுமே உண்டு. வாசனையோ நிறமோ மாறாமலே உணவு நஞ்சாகலாம்.

அந்தக் கிருமியைத் தடுப்பது புளிப்பு. அமிலத்தன்மையைக் காட்டும் ‘பிஎச்’ அளவு 4.6க்கு மேல் போகக் கூடாது. இலங்கையின் ‘வம்பட்டு மோஜு’வில் பொரித்த கத்தரிக்காயுடன் வினிகர், கடுகு, சீனி, சின்ன வெங்காயம் சேர்கின்றன. இத்தகைய ஊறுகாயை விரும்புவோர் வினிகரைக் குறைக்காமல், சிறிதளவே செய்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாளில் முடித்துவிட வேண்டும். புளி சேர்த்த தொக்குக்கும் இதே விதிதான். புளியின் அளவு வீட்டுக்கு வீடு மாறுவதால், நாக்கில் பட்ட புளிப்பை மட்டும் நம்ப முடியாது.

வற்றல் தண்ணீரை எடுக்கிறது, உறைபெட்டி சூட்டை எடுக்கிறது, வினிகர் புளிப்பைக் கூட்டுகிறது. எந்த முறையைக் கேள்விப்பட்டாலும், இவற்றில் எது கிருமியைத் தடுக்கிறது என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால், மிஞ்சிய காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவதே நல்லது.