போடியில் பிளாட் வாங்கப் போறீங்களா?

2023 ஜூன் 15-ல் போடிக்கு அகல ரயில் வந்துவிட்டது. "இனி மனை விலை ஏறும், அட்வான்ஸைக் கொடு" என்பார் புரோக்கர். ஏலக்காய் தரம் பிரித்து அம்மா சேர்த்த காசு, கொஞ்சம் பொறுங்கள்!

கலர் கல் நட்டால் மனையாகிவிடுமா? அங்கீகாரமற்ற மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பணம் கொடுத்தவர்கள் தவித்தார்கள். வரன்முறை விதிகள் 2017-ல்தான் வந்தன. அதுவும் 2016 அக்டோபர் 20 வரை போட்ட மனைப்பிரிவுகளுக்கு மட்டும்.

"வில்லங்கச் சான்று சுத்தம்"னு காட்டுவார்கள். அதில் பதிவான பத்திரங்கள்தானே தெரியும்? பதியாத உயில் தெரியாது. தாய்ப்பத்திரத்திலிருந்து படியுங்கள். பவர் பத்திரம் என்றால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? பொதுவாக அவர் போனால் பவரும் போச்சு!

சிவில் நண்பர்களே, டேப்பை எடுங்கள். நாலு மூலையையும் பத்திரத்தோடு ஒத்துப்பாருங்கள்.