உடையும் முன் ஒழுகட்டும்!

தாராபுரத்து ஜவுளிக் கடையில் இரண்டு மீட்டர் துணி கேளுங்கள். கடைக்காரர் அளந்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்கு நறுக்குவார். பிறகு இரு கைகளாலும் பிடித்து இழுத்தால் 'சர்'ரென்று கிழிந்துவிடும்! அந்தச் சிறு நறுக்கு இல்லாவிட்டால் பீமசேனனே வந்தாலும் லேசில் கிழிக்க முடியுமா?

உருக்கும் இப்படித்தான். இழுக்கும் விசை வெடிப்பின் நுனியில் போய்க் குவிகிறது. பற்றவைத்த இடத்திலே அத்தகைய வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கலாம். 1943-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், பற்றவைத்துக் கட்டிய 'ஸ்கெனெக்டடி' என்ற எண்ணெய்க் கப்பல், அலையில்லாத நீரில் நின்றபடியே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்துவிட்டது!

அணுமின் நிலையக் குழாய்களுக்கு இந்தக் கதி வரலாமா? சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக, குழாய்களில் வேண்டுமென்றே வெடிப்பு உண்டாக்கி வளைத்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லாக் குழாயையும் உடைத்துப் பார்க்க முடியாதல்லவா? அதற்குத்தான் கம்ப்யூட்டர். குழாயை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளும் என்று அது கணக்கிடுகிறது. வெடிப்பின் நுனியில் கட்டங்கள் மிகப் பொடியாக இருக்கும். சோதனையோடு ஒத்துப் போனால்தான் அந்தக் கணக்கை நம்புவார்கள்.

கேள்வி ஒன்றுதான்: குழாய் உடைவதற்கு வெகு முன்பே சொட்டத் தொடங்குமா? சொட்டினால் கண்டுபிடித்து நிலையத்தை நிறுத்திவிடலாம்.

சிறு கிழிசலை அன்றே தைத்துவிடுவதுதானே குடித்தனத்தின் சாமர்த்தியம்? குழாய்க்கும் அதே பாடந்தான்!