உறைக்குள் உறங்கும் உயிர்

உடல்நலம் கருதி உணவிலும் மாத்திரையிலும் சேர்க்கப்படும் நுண்ணுயிரிகளான புரோபயாடிக்குகள், உயிரோடு இருக்கும்வரைதான் அந்தப் பெயருக்கு உரியவை. 2001ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு, போதிய அளவில் உட்கொண்டால் நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிரிகள் என்றே அவற்றை வரையறுத்தது. ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிரிகளாவது இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆகவே ஆலையில் எத்தனை கோடி நிரப்பப்பட்டன என்பதைவிட, மாதங்கள் பல கழித்துப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது எத்தனை எஞ்சியிருக்கின்றன என்பதே முதன்மையான கேள்வியாகிறது.

இவற்றைக் காக்கக் கையாளப்படும் வழிகளுள் ஒன்று நுண்ணுறையாக்கம், அதாவது பாக்டீரியாக்களை உண்ணத்தக்க ஒரு பொருளுக்குள் பொதிந்துவிடுவது. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் பாக்டீரியாக்களைக் கலந்து, மெல்லிய ஊசிமுனை வழியாகக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டவிடும்போது, கால்சியம் அந்தக் கடற்பாசிப் பொருளின் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், விழுந்த துளி விழுந்த வடிவிலேயே வழுவழுப்பான சிறு மணியாக இறுகுகிறது. இரைப்பை அமிலத்தின் தாக்குதலை இந்த மணி ஓரளவு தணிக்கும். ஆனால் அதன் பெரும்பகுதி நீர்; அதன் சுவரிலோ எண்ணற்ற நுண்துளைகள். உறை போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்ற எண்ணம் தவறாவது இங்கேதான்: ஈரமான மணிக்குள் உயிரின் இயக்கம் ஓய்வதில்லை, காற்றும் தடையின்றி உட்புகுகிறது.

எனவே மணிகளை உலர்த்தியாக வேண்டும். மணிகளை முதலில் உறையவைத்து, பின்னர் காற்றழுத்தத்தை வெகுவாகக் குறைத்து, பனிக்கட்டியை நீராக உருகவிடாமல் நேரே ஆவியாக வெளியேற்றும் உறைநிலை உலர்த்தலே இதற்குப் பெரிதும் நம்பப்படும் முறை. உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் செல்லின் சவ்வைக் கிழிக்கக்கூடும் என்பதால், டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையோ கொழுப்பு நீக்கிய பாலோ முன்னதாகவே சேர்க்கப்படுகிறது. நீர் விலகும்போது அது விட்டுச்செல்லும் இடத்தை நிரப்பிச் சவ்வு குலையாமல் தாங்கும் இச்சர்க்கரை, உலர்ந்த பின் கண்ணாடியைப் போன்ற இறுகிய நிலையை அடைந்து, உள்ளே நிகழக்கூடிய வேதிவினைகளை ஏறக்குறைய நிறுத்திவைக்கிறது. மழைக்காலத்தில் திறந்துவைத்த ஆரஞ்சு மிட்டாய் பிசுபிசுத்துப்போவதைப் போலவே, இந்தக் கண்ணாடி நிலையும் சிறிது ஈரம் ஏறினாலே நெகிழ்ந்துவிடும். நெகிழ்ந்தவுடன் பாக்டீரியாக்கள் வேகமாக மடியத் தொடங்கும். ஒரு பொருளில் கட்டுண்டுபோகாத நீர் எவ்வளவு உள்ளது என்பதை 0 முதல் 1 வரை அளந்து சொல்லும் நீர்ச் செயல்பாடு என்ற அளவை, இத்தகைய பொடிகளில் 0.25க்குக் கீழே நிறுத்த உற்பத்தியாளர்கள் படும் பாடு அதனால்தான்.

ஈரத்துக்கு அடுத்த பகை ஆக்சிஜன். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்திலிருந்து ஹென்றி டிசியே 1899இல் பாரிஸில் கண்டறிந்த பிஃபிடோபாக்டீரியம், காற்றில்லாத குடலில் வாழப் பழகிய உயிர். ஆக்சிஜன் பட்டால் செல்லுக்குள் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி இதன் பெரும்பாலான வகைகளில் இல்லை. உலர்ந்து உறங்கும் நிலையிலும் சவ்விலுள்ள கொழுப்பு அமிலங்களை ஆக்சிஜன் அரித்துக்கொண்டே இருக்கும். உறைநிலையில் உலர்த்திய பொடி துளைகள் மிகுந்தது என்பதால் இந்த அரிப்புக்கு இடமும் மிகுதி.

இந்த இரு பகைகளையும் ஒருசேரத் தடுக்கும் பொறுப்பு பொட்டலத்தைச் சேர்ந்தது. மருந்துக்கடைகளில் பரவலாகக் காணப்படும் வெள்ளை பாலிஎதிலின் டப்பா நீராவியை நன்றாகத் தடுத்தாலும் ஆக்சிஜனை மெல்ல மெல்ல உள்ளே விடுகிறது. வெறும் பிவிசி மாத்திரை அட்டையோ ஈரத்தையும் போதுமான அளவு தடுப்பதில்லை. கண்ணாடிக் குப்பியும், இருபுறமும் அலுமினியத் தகடு கொண்ட அட்டையும் இரண்டையும் தடுக்கும், விலைதான் கூடுதல். உள்ளிருக்கும் காற்றை அகற்றி நைட்ரஜனை நிரப்புவதும், மூடிக்குள் சிலிக்கா ஜெல் வைப்பதும் வழக்கம். எஞ்சிய ஆக்சிஜனைப் பிடிக்க இரும்புத்தூள் பொதியைச் சேர்க்கலாம் என்றால், அந்த இரும்பு துருப்பிடித்து ஆக்சிஜனை ஏற்பதற்கே ஈரம் வேண்டும். பொடியோ ஈரமே ஆகாதது. இத்தகைய இடங்களில்தான் பொட்டலக் கலையின் நுட்பம் சோதிக்கப்படுகிறது.

சேமிப்பு வெப்பநிலை உயர உயர இறப்பும் விரைவதால், பல வகைகளைக் குளிர்பெட்டியில் வைப்பதே நல்லது. ஆனால் குளிர்ந்த டப்பாவை எடுத்த கையோடு திறந்தால், கடலோர ஊர்களின் ஈரக்காற்று அந்தப் பொடியின்மீது நீராகப் படியும். டப்பா அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்துத் திறப்பது, ஆலையில் அரும்பாடுபட்டு உண்டாக்கிய வறட்சியைக் காப்பாற்றும்.

இறப்பை முழுவதும் தடுக்க முடியாது என்பதால், அறிவித்த எண்ணிக்கையைவிடக் கூடுதலாகவே நிரப்பி அனுப்புவது இத்தொழிலில் வழக்கமாக இருக்கிறது. அது குற்றமன்று. ஆனால் சிட்டையில் அச்சாகும் எண் தயாரித்த நாளுக்குரியதா, காலாவதி நாளுக்குரியதா என்பதை வாங்குபவர் அறிய வேண்டும். முன்னதை மட்டும் அச்சிடுவது, நோயாளிக்கோ குழந்தைக்கோ எதைக் கொடுக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கு ஒப்பாகும். பேசில்லஸ் கோயாகுலன்ஸ் போன்ற, தடித்த ஓடுடைய வித்துகளாகத் தாமே மாறிக்கொள்ளும் பாக்டீரியாக்களுக்கு இத்தனை காவல் தேவையில்லை. ஆயினும் புரோபயாடிக்கின் பயன் வகைக்கு வகை வேறுபடுவதால், ஒரு பிஃபிடோபாக்டீரிய வகையைக் கொண்டு ஆய்வில் நிறுவப்பட்ட நன்மையை, எளிதில் சாகாது என்பதற்காக மட்டும் வேறொன்றைத் தந்து பெற்றுவிட முடியாது.